கல்லில் ஒரு கத்தி, கல்லில் ஒரு நாய்

தம்பி, தங்கச்சி, இன்று கதைக்கு முன்னால் உனக்கு ஒரு வேலை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள். உன் வீட்டில் ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பதை ஒரே ஒரு படத்தால் சொல்ல வேண்டும். எழுத்து ஒன்றுகூட வரக் கூடாது.

நீ ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளையாக இருந்தால் பலருடைய படத்தை என்னால் இப்போதே ஊகிக்க முடியும். அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறாரா? தையல் மிஷின் வரைந்திருப்பாய். அப்பா டேனரிக்குப் போகிறாரா? தோலைப் போட்டுச் சுழற்றுகிற அந்தப் பெரிய மர டிரம் வந்திருக்கும். மாமா தோல் வெட்டுகிறவர் என்றால், கத்தி.

“ஏன் எழுதக் கூடாது?” என்று கேட்டாயா? அப்படிக் கேட்டிருந்தால் உன்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும். பதில் இதுதான்: படிக்கத் தெரியாத ஒருவர் வந்து பார்த்தாலும் அவருக்குப் புரிய வேண்டும். இந்த ஒரு தேவையை மனத்தில் வைத்துக்கொள். உலகத்தில் பல இடங்களில், செத்துப்போனவருக்குக் கல் வைத்தவர்கள் இதைத்தான் யோசித்தார்கள்.

பிரிட்டன் தீவின் வடபகுதி ஸ்காட்லாந்து. குளிரும் மழையும் அதிகமான நாடு. 1600களிலும் 1700களிலும் அங்கே தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டங்களில் நட்ட கற்களைப் பார்த்தால் நீ சிரித்துவிடுவாய். ஒரு கல்லில் மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு. பக்கத்தில் மணல் கடிகாரம். மேலே சிறகு முளைத்த ஒரு குழந்தை முகம். பயப்படாதே. மண்டை ஓடு என்றால் ‘எல்லோரும் ஒரு நாள் சாவோம்’. மணல் கடிகாரம் என்றால் ‘நேரம் ஓடுகிறது’. சிறகு முளைத்த முகம், உடலை விட்டுப் பறந்துபோகும் உயிர்.

அதே கல்லில் இன்னொன்றும் இருக்கும். இறந்தவர் கையில் தினமும் பிடித்த கருவி! இப்போது ஒரு விடுகதை ஆட்டம். கல்லில் தறி ஓடம் இருந்தால் அங்கே கிடப்பவர் யார்? நெசவாளர். கத்தரிக்கோலும் இஸ்திரிப் பெட்டியும்? தையல்காரர். கலப்பைக் கொழு? உழவர். சுத்தியலும் அதன் மேல் ஒரு கிரீடமும்? கொல்லர். நீண்ட பிடி வைத்த தட்டையான மரப்பலகை? இது கொஞ்சம் கஷ்டம். அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளி எடுக்கிற பலகை அது. ரொட்டி சுடுகிறவருடைய கல்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் வருவது. சில கற்களில் பிறைநிலா மாதிரி வளைந்த ஒரு கத்தி இருக்கும். நடுவில் கைப்பிடி. மேலே கிரீடம். யாருடையது தெரியுமா? செருப்பு, பூட்ஸ் செய்கிறவருடையது. தோலை இழுத்து வெட்டாமல், வளைந்த விளிம்பை உருட்டி உருட்டி வெட்டுவதற்காக அந்த வடிவம். நேர்க்கத்தி தோலை இழுத்துச் சுருக்கும். பிறைக்கத்தியில் ஒரு நேரத்தில் விளிம்பின் சிறு பகுதி மட்டுமே தோலில் படும், அழுத்தம் முழுவதும் அங்கே இறங்கும். இதுவரை புரிகிறதா? கையால் தோல் வெட்டுகிற பட்டறைகளில் இந்த வடிவக் கத்தி இன்றும் உலகமெங்கும் இருக்கிறது. ஆம்பூரில் தோல் வேலை செய்யும் ஒருவரிடம் அந்த ஸ்காட்லாந்துக் கல்லின் படத்தைக் காட்டினால், எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல் “இவர் நம்ம ஆள்” என்று சொல்லிவிடுவார்.

கிரீடம் எதற்கு? செருப்புத் தைப்பவர் ராஜாவா? இல்லை. அங்கே ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருந்தது. அரசு ஏற்றுக்கொண்ட சங்கம் என்ற பெருமையைக் காட்டச் சில சங்கங்கள் தங்கள் சின்னத்தின் மேல் கிரீடம் போட்டுக்கொண்டன. டண்டீ என்ற ஊரில் ஹௌஃப் என்று ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அந்த இடத்தை ஊருக்கு இடுகாடாகக் கொடுத்தவர் ஸ்காட்லாந்து ராணி மேரி; ஆண்டு 1564. டண்டீயின் ஒன்பது தொழிற்சங்கங்களும் தங்கள் கூட்டத்தை நெடுங்காலம் அந்தத் தோட்டத்திலேயே நடத்தின. ஆமாம், கல்லறைகளுக்கு நடுவே! ஒன்பதில் செருப்புத் தைப்பவர் சங்கம் ஒன்று, கையுறை செய்பவர் சங்கம் ஒன்று. இரண்டும் தோல்.

சரி, ஸ்காட்லாந்து போதும். வா, பாலாற்றங்கரைக்கு.

ஆம்பூருக்கு அந்தக் காலத்துப் பெயர் ஆமையூர். படுவூர்க் கோட்டம் என்ற பெரிய பகுதிக்குள் இருந்தது. 9-ம் நூற்றாண்டின் பிற்பகுதி. பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் ஆட்சிக்கு வந்து 26-வது ஆண்டு. வடமேற்கே நுளம்பர்கள் என்று ஒரு அரச மரபு. நுளம்பனின் படை ஆமையூர் மேல் வந்தது. அது பொன்னைத் தேடி வரவில்லை, நிலத்தைத் தேடியும் வரவில்லை. மாட்டு மந்தையைப் பிடித்துக்கொண்டு போக வந்தது!

மாட்டுக்காகவா சண்டை என்று நினைக்கிறாயா? யோசித்துப் பார். அன்றைக்கு ஊரின் சொத்து எது? பாங்க் கிடையாது. வண்டி இழுப்பது மாடு, ஏர் இழுப்பது மாடு, பால் தருவது மாடு. மந்தை போனால் ஊரே போச்சு. அதனால் ஊர்க்காரர்கள் வாளோடு ஓடினார்கள். அகளங்கத்துவராயர் என்பவரின் மகன் சன்மதுரன் அந்தச் சண்டையில் விழுந்தான். அவனுக்காகக் கல் நட்டு, நான் இதுவரை சொன்ன சேதியை அதிலே வெட்டி வைத்தார்கள். இந்த மாதிரிக் கல்லுக்குத்தான் நடுகல் என்று பெயர்.

ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் கழித்து நமக்கு இது எப்படித் தெரிந்தது? ஆம்பூரின் இரண்டு நடுகற்களில் இருந்த எழுத்தைப் படித்து, ‘எபிகிராபியா இண்டிகா’ என்ற கல்வெட்டு வெளியீட்டின் 1896-97 ஆண்டுக்கான தொகுதியில் வெளியிட்டவர் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர். சென்னையில் அரசின் கல்வெட்டு ஆய்வாளராக இருந்தவர். நம் ஊர் மாட்டுச் சண்டையை டிரெஸ்டன் நகரில் பிறந்த ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார் பார்!

நடுகல் ஆம்பூரில் மட்டும் இல்லை. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. செங்கம் பக்கத்தில் கிடைத்தவை மட்டுமே ஒரு புத்தகமாக, ‘செங்கம் நடுகற்கள்’ என்ற பெயரில், 1972-ல் தொல்லியல் துறையால் வெளிவந்தன. இன்னும் பழைய கல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்தது. அதில் இருப்பது தமிழ்-பிராமி எழுத்து. வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். அதிலும் சேதி என்ன தெரியுமா? மாடு பிடிச் சண்டைதான்.

இப்போது ஒரு நடுகல் முன்னால் நாம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். எழுத்தை விட்டுவிடு. படத்தை மட்டும் படிப்போம்.

நடுவில் ஒரு ஆள். ஒரு காலை முன்னே வைத்து நிற்கிறான். ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள். உடம்பில் சின்னச் சின்னக் கோடுகள் குத்தி நிற்கின்றனவே, அவை என்ன? அம்புகள். சண்டையில் பட்டவை. அவனுக்குப் பின்னால் அல்லது காலடியில் மாடு இருந்தால், மந்தையை மீட்கப் போய் இறந்தவன். புலியோடு ஒருவன் கட்டிப் புரண்டால் அது புலிக்குத்திக் கல். காட்டுப்பன்றி இருந்தால் பயிரைக் காக்கப் போனவன். சில கற்களில் காலருகே மூக்கு வைத்த கெண்டியும் சிமிழும் இருக்கும். இறந்தவருக்குக் கள்ளும் மயில் பீலியும் படைத்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. கெண்டியைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவுதான் வரும்.

சில கற்கள் மூன்று அடுக்காக இருக்கும். அதை எங்கிருந்து படிக்க வேண்டும், சொல் பார்க்கலாம். மேலிருந்து என்றால் தப்பு. கீழிருந்து மேலே! அடித்தட்டில் சண்டை. நடுத்தட்டில் இரண்டு தேவப் பெண்கள் வீரனைத் தூக்கிச் செல்கிறார்கள். மேல்தட்டில் அவன் சொர்க்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். உயிர் மேலே போகிறது, கதையும் கூடவே மேலே ஏறுகிறது. ஸ்காட்லாந்துக்காரர் ஒரு முகத்துக்குச் சிறகு ஒட்டிச் சொன்னதை நம் சிற்பி இரண்டு பெண்களை வைத்துச் சொல்லியிருக்கிறான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நீயே கண்டுபிடித்திருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். ஸ்காட்லாந்துக் கல், அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையைக் காட்டுகிறது. நம் நடுகல், அவர் கடைசி நாளில் செய்த வேலையைக் காட்டுகிறது. சன்மதுரன் மற்ற நாட்களில் என்ன செய்தான், ஏர் ஓட்டினானா, கணக்குப் பார்த்தானா? கல் வாய் திறப்பதில்லை. நடுகல்லில் வரும் கருவி ஏறக்குறைய எப்போதும் ஆயுதம்தான். மாட்டை மீட்டவனுக்குக் கல் நின்றது. மாட்டை மேய்த்தவருக்கும், செத்த மாட்டின் தோலைப் பதனிட்டு ஊருக்கே செருப்பும் வாரும் தந்தவருக்கும் அந்த வேலைக்காக நம் ஊரில் கல் நட்டதாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பிறைக்கத்திக்குக் கிரீடம் வைத்த ஊரைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

சரி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இப்போது வருகிறது நாய்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7-ம் நூற்றாண்டின் தொடக்கம். ஆயுதத்தோடு நிற்கும் வீரனின் பெயர் கருந்தேவக்கத்தி. கூடவே ஒரு நாய்! கல்வெட்டு அந்த நாயின் பெயரையும் சொல்கிறது: கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதன் வீரத்தையும் சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும்! அன்றைக்கு வாழ்ந்த எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர் தெரியாது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கே தனியாகக் கல் இருக்கிறது, தெரியுமா? சேவல் படத்தோடு.

இனி அறிவியலுக்கு வருவோம். ஒரு கேள்வி. டண்டீ பக்கத்துக் கற்களுக்கு வயது முந்நூறு, முந்நூற்றைம்பது. ஆம்பூர்க் கல்லுக்கு ஆயிரத்து நூறு. எது அதிகம் தேய்ந்திருக்க வேண்டும்?

வயதை மட்டும் பார்த்தால் ஆம்பூர்க் கல். ஆனால் முந்நூறு வருடக் கற்கள் பலவற்றில் மேல் தோல் உரிந்து, பெயரே காணாமல் போயிருக்கிறது. காரணம், இரண்டும் வேறு வேறு வகைக் கல்.

டண்டீ வட்டாரத்தில் கிடைப்பது மணற்கல். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல், அழுந்தி இறுகிக் கல்லானது. நம் பக்கத்துப் பாறை அப்படி வந்ததில்லை. பூமிக்குள் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான கருங்கல் வகை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். உன் தின்பண்டத்தை வைத்தே சொல்கிறேன். மணற்கல் பொரி உருண்டை மாதிரி. மணிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். கருங்கல் கடலை மிட்டாய் மாதிரி. ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும், சந்தே இருக்காது. இரண்டின் மேலும் ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் எது உறிஞ்சும்? பொரி உருண்டை. சரியாகச் சொன்னாய்!

இப்போது அந்தத் தண்ணீரைக் குளிரவை. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். மணற்கல்லின் சந்துக்குள் புகுந்த நீர் குளிர்காலத்தில் உறைந்து, உள்ளே இருந்தபடியே கல்லை நெட்டித் தள்ளும். வெயில் வந்ததும் உருகும். மறுபடி உறையும். ஒவ்வொரு குளிர்காலமும் இதே கூத்து. கடைசியில் கல்லின் முகம் பொறுக்குத் தட்டி விழும். ஆம்பூரில் தண்ணீர் உறைகிறதா? மே மாத வெயிலில் நின்றவனிடம் கேள்!

அப்படியானால் கருங்கல்லே நல்லது என்கிறாயா? சிற்பியைக் கேட்க வேண்டும். மணற்கல்லைச் செதுக்குவது சுலபம். அதனால்தான் அங்கே மண்டை ஓட்டின் பல், சிறகின் இறகு, ஓடத்தின் நூல் எல்லாம் வந்தன. கருங்கல்லில் இருக்கிற குவார்ட்ஸ் என்ற கனிமம், இரும்பு உளியை விடக் கடினம். அதை வெட்ட முடியாது; புள்ளி புள்ளியாகக் குத்தி நொறுக்கித்தான் எடுக்க வேண்டும். உளி முனை சீக்கிரம் மழுங்கும், கொல்லுலையில் காய்ச்சி மறுபடி கூராக்க வேண்டும். அதனால் நம் சிற்பி கஞ்சன் ஆனான். தேவையில்லாத கோடு ஒன்றுகூடப் போடவில்லை. வீரன், வில், வாள், மாடு. தீர்ந்தது. அதுவும் ஆழமாக வெட்டாமல், கல்லின் முகத்திலிருந்து விரல் கனம் மட்டும் புடைத்து நிற்கும்படி.

இவ்வளவு மெல்லிய புடைப்பை எப்படிப் படிக்கிறார்கள்? இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஐந்து ரூபாய் நாணயத்தை மேசையில் வை. விளக்கை அணை. டார்ச் வெளிச்சத்தை நேர் மேலிருந்து அடி. படம் மங்கலாகத் தெரியும். இப்போது டார்ச்சை மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து அடி. எழுத்தெல்லாம் எழுந்து நிற்கிறதா? புடைப்புக்குப் பின்னால் நிழல் விழுகிறது. நம் கண் நிழலை வைத்துத்தான் மேடு பள்ளத்தைக் கண்டுபிடிக்கிறது. கல்வெட்டுப் பார்ப்பவர்கள் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலுக்குக் காத்திருப்பது இதற்காகத்தான். உச்சி வெயிலில் போனால் எழுத்துத் தெரியாது, தலைவலிதான் மிச்சம்.

அடுத்தது, நாணயத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய். படம் தாளில் வந்துவிடும். கல்வெட்டு ஆய்வாளர்கள் செய்யும் மைப்படிக்கு இது தம்பி முறை. அவர்கள் கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மை ஒற்றுவார்கள். மேடான இடமெல்லாம் கறுப்பாகும், வெட்டிய எழுத்து வெள்ளையாக நிற்கும். நாணயத்தோடு நிறுத்திக்கொள், நடுகல்லில் நீயாக இதைச் செய்யக் கூடாது. பழக்கமில்லாத கை கல்லைக் கெடுத்துவிடும்.

கல் நடுவதும் சும்மா ஒரு நாள் வேலை இல்லை. தொல்காப்பியம் ஆறு படிகளைச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. ஏற்ற கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையல் வைத்து, வாழ்த்துவது வரை. அந்தப் படையல் இன்றும் நிற்கவில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் சாமியாக நிற்கின்றன. ஊர் கும்பிட்டதாலேயே பல கற்கள் பிழைத்தன. கும்பிடாமல் விட்ட கற்கள் துணி துவைக்கவும் வாய்க்கால் தாண்டவும் போய்விட்டன. அதே சமயம், வருடா வருடம் பூசும் எண்ணெயும் பெயின்ட்டும் எழுத்தை அடைத்துவிடுகின்றன. குளிரால் ஆகாததை ஒரு டப்பா எனாமல் பெயின்ட் செய்துவிடும்.

நடுகல்லைப் பக்கத்தில் பார்க்க ஆசையா? வேலூர் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அப்பாவையோ டீச்சரையோ கூட்டிக்கொண்டு போ. உன் ஊர் ஏரிக்கரை, வயல் வரப்பு, புளியந்தோப்பு ஆகிய இடங்களிலும் கண்ணைத் திறந்து வை. வில்லோ வாளோ பிடித்த ஆள் உருவம் உள்ள பலகைக் கல் எங்காவது சாய்ந்து கிடந்தால், அதன் மேல் ஏறாதே, சுரண்டாதே, சாக்பீஸால் எழுத்தைத் தடவாதே. ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டு ஒரு போட்டோ எடு. சாயங்கால வெயிலில் எடு, மறந்துவிடாதே. எந்த ஊர், எந்த இடம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று எழுது. உன் வரலாற்று ஆசிரியரிடம் கொடுத்து, அருங்காட்சியகத்துக்கோ தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்கோ அனுப்பச் சொல். படம் தெளிவாக இருந்தால் அவர்கள் வந்து பார்ப்பதற்கு அதுவே உதவும்.